தட்டிவிட்டு நுழையவும்

ஓஸ்லோ
14 ஜனவரி 1972

அன்புள்ள அக்கா ராக்னாவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா, மூச்சு வாங்குவது குறைந்ததா என்று எழுது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஸ்குர்வோய் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு என் வரைபடத்தைத்தான் ஊராட்சி தேர்ந்தெடுத்திருக்கிறது. பதினாறு கட்டில் இருந்த இடத்தில் இனி அறுபது கட்டில். அறுவைக்கூடம், எக்ஸ்ரே, லிஃப்ட் எல்லாம் வருகிறது. பிரசவம் சிக்கலானால் இனி பன்னிரண்டு மணி நேரம் படகில் போக வேண்டாம். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய மீன் கிடங்கில் அம்மா தொடங்கியது இது என்று நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை.

அறுபது கட்டிலுக்கும் அறுபது அறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்திரண்டில் அம்மா பெண்கள் வார்டில் மூன்றாவது கட்டிலில், ஒரு துணித்திரைக்குப் பின்னால் கிடந்தாள். அந்தப் பக்கம் ஏழு பேர் இருமிக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியை உண்டாக்கினவளுக்குச் சாக ஒரு அறை இல்லை. நான் தந்தி கொடுக்கத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இனி ஒருவருக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நுழைவாயில் கல்லில் பொறிக்க அம்மா சொன்ன வாக்கு ஒன்று வேண்டும் என்று இயக்குநர் லுண்ட் கேட்கிறார். கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தவள் நீ. ஆஸ்பத்திரி எப்படி இருக்க வேண்டும் என்று ஏதாவது சொன்னாளா? யோசித்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஹால்வார்


ஸ்குர்வோய்
6 பிப்ரவரி 1972

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது. படித்ததும் அடுப்பு இல்லாமலே கொஞ்சம் சூடு வந்தது. என் கால்களைக் கேட்டிருந்தாய். ஒன்று வீங்கியிருக்கிறது, மற்றது அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. உன் மனைவி டோர்டிஸ் போன பிறகு நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பெரிய கட்டடக்கலைஞர்களுக்கும் உருளைக்கிழங்கு வேகவைக்கத் தெரிய வேண்டும்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் பதினொரு மணி ஆனால் கால் தானாக வார்டுக்குப் போகிறது. தலைமைச் செவிலியாக இருந்தபோது என்னைக் கண்டு போர்வைக்குள் ஒளிந்தவர்கள் இப்போது எனக்குக் காபி ஊற்றித் தருகிறார்கள். நேற்று பெர்கில் வந்தாள். சமையல்காரி பெர்கில்தான், மீன் தலையைக் காட்டி உன்னை அழவைப்பாளே, அவள். தன் நாத்தனாரைப் பார்க்க வாஃபிள் அப்பம் கொண்டுவந்தாள். அதை எட்டாக வெட்டி எட்டுக் கட்டிலுக்கும் கொடுத்து, எட்டுப் பேரிடமும் கைகுலுக்கி நலம் கேட்டு, கடைசியில் நாத்தனாரிடம் வந்து சேர்ந்தபோது வாஃபிளும் ஆறிவிட்டது, பேச்சும் தீர்ந்துவிட்டது. நாத்தனார் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் ஒருவரைப் பார்க்க வந்தவர் எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா வைத்த வழக்கத்தை இதுவரை யாரும் மீறவில்லை.

உன் வரைபடம் தேர்வானது பற்றி ஊரே பேசுகிறது. எனக்கும் பெருமையாக இருக்கிறது. அறுவைக்கூடம் எப்போதோ வந்திருக்க வேண்டியது.

அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டிருந்தாய். கடைசி நாட்களில் அவள் அதிகம் பேசவில்லை. ஞாபகம் வந்தால் எழுதுகிறேன். கல்லுக்கு என்ன அவசரம்? எங்கேயும் ஓடிப்போகாது.

கம்பளிச் சட்டை அனுப்புகிறேன். கழுத்து சிறிதாக இருந்தால் தலையைச் சிறிதாக்கிக்கொள்.

உன் அக்கா,
ராக்னா


ஓஸ்லோ
22 மார்ச் 1972

அன்புள்ள அக்கா,

சட்டை கிடைத்தது. அளவு சரியாக இருக்கிறது. உன் கால் வீக்கத்துக்கு மருத்துவரைப் பார்த்தாயா? வேடிக்கையாக எழுதி மழுப்பாதே.

கதவுகளை முடிவு செய்துவிட்டேன். கனமான ஓக் மரம். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். வெளியே யார் நடந்தாலும் உள்ளே கேட்காது. கதவின் மேல் சின்னப் பித்தளைத் தகட்டில் 'தட்டிவிட்டு நுழையவும்' என்று எழுதியிருக்கும். மருத்துவரே வந்தாலும் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

கல்லைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை. நேராகவே கேட்கிறேன். அத்தனை பேர் கண்முன்னால் கிடக்க அம்மாவுக்குக் கூச்சமாக இல்லையா? தனி அறை வேண்டும் என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பாளே? நீ ஆமாம் என்று எழுதினால் போதும். ஒரே வார்த்தை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஹால்வார்


(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

ஸ்குர்வோய்
2 ஏப்ரல் 1972

ஹால்வார்,

நலமா என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன். கேட்டுக்கொண்டே இருந்தால் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன்.

அம்மா தனி அறை கேட்கவில்லை. கொடுக்க ஒரு அறை இருந்தது; மருந்து அலமாரிக்குப் பக்கத்து அறையை நான் அவளுக்காகச் சுத்தம் செய்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றாள். மீன்பிடிப் பருவத்தில் ஒரு செம்படவக் குடிசையில் காய்ச்சலில் கிடந்து, மற்றவர்கள் கடலுக்குப் போயிருந்தபோது தனியாகச் செத்தவனை அவள் கண்டெடுத்தாளே, உனக்கு அந்தக் கதை தெரியும். மருத்துவச்சி வேலையோடு வீடு வீடாகப் போய் ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்தது அதற்குப் பிறகுதான். "இங்க யாரும் தனியா கிடக்கக் கூடாது" என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னாள்.

அந்தத் திரை நீ கேட்டதால் வைத்தது. வியாழக்கிழமைக் கப்பலில் வந்து இறங்கினாய். அழுதாய். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாய். நான் திரையைக் கொண்டுவந்து வைத்தேன். நீ துறைமுகத்துக்குக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அம்மா, "அந்தத் துணியை எடு, ராக்னா. பையன் போயிட்டான்ல" என்றாள். எடுத்துவிட்டேன். எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அவள் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள், சிரித்தாள், அப்படியே போனாள். குளிப்பாட்டுவதற்காகத்தான் திரும்பவும் திரையை வைத்தேன். அப்போதுதான் நீ வந்தாய்.

அத்தனை பேரும் இருந்தார்கள், நீ மட்டும் இல்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? இருபது வருஷமாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் அறுபது கதவு வந்துவிடும். சொன்னால் உனக்கு என்ன மிஞ்சும்?


ஸ்குர்வோய்
9 ஏப்ரல் 1972

அன்புத் தம்பிக்கு,

நானும் என் இரண்டு கால்களும் சௌக்கியம். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாட்டு ஊரில் இருந்துகொண்டு உப்பைக் குறைப்பதாம்.

அம்மா அதைப் பற்றி எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கல்லுக்கு உனக்குத் தோன்றியதை எழுது. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காட் மீன் இந்த வருஷம் ஏராளம். விலைதான் இல்லை.

அன்புடன்,
ராக்னா


ஸ்குர்வோய்
20 செப்டம்பர் 1973

அன்புத் தம்பிக்கு,

சுகமாக ஓஸ்லோ போய்ச் சேர்ந்தாயா? வந்த கப்பலிலேயே திரும்பிவிட்டாய். உன்னிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. மேடையில் உன்னைப் பார்த்தபோது அப்பாவின் நெற்றி உனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு வாரம் ஊர் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்கியது. பெர்கில் நான்கு தடவை. ஐந்தாவது தடவை லுண்டே வந்து, நோயாளிகளுக்கும் கொஞ்சம் விடுங்கள் என்று கும்பிட வேண்டியதாகிவிட்டது.

'ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு' என்று அம்மா பெயர் போட்டுக் கல்லில் பொறித்திருக்கிறாய். எல்லாரும் நின்று படித்தார்கள். அம்மாவோடு சேர்ந்து கம்பளிக் கையுறை பின்னி விற்று ஆஸ்பத்திரிக்குச் சேர்த்த கிழவிகள் ஆறு பேர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் படித்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. "கல்லு நல்ல கல்லு" என்றாள் பெர்கில்.

பழைய வார்டைச் சாமான் அறையாக்கிவிட்டார்கள். பதினொரு மணிக்கு எங்கே போவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைக்குப் போய்த் தேவையில்லாத நூல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

ராக்னா


ஸ்குர்வோய் ஆஸ்பத்திரி, அறை 12
17 ஜனவரி 1974

அன்புத் தம்பிக்கு,

முகவரியைப் பார்த்துப் பதறாதே. கால் வீக்கம் மேலே ஏறி, இதயம் வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டது. என்னைப் போல ஓய்வு பெறப் பார்க்கிறது. ஆறேழு வாரம் படுத்திருக்க வேண்டுமாம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் அறை அழகாக இருக்கிறது. ஜன்னலில் கடல் முழுக்கத் தெரிகிறது. வெந்நீர் குழாயைத் திருகிய உடனே வருகிறது. போன வாரம் பனிப்புயலில் படகே கிளம்பாத நாளில் மாக்தாவின் மகளுக்கு அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம். பழைய கட்டடமாக இருந்தால் இருவரையும் கல்லறைக்குத்தான் கொண்டுபோயிருப்போம். இதை நான் சொல்லாவிட்டால் பாவம்.

கதவு பலமாக இருக்கிறது. வெளியே உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நல்ல ஓய்வு. பெர்கில் வாஃபிள் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாளாம். தகட்டைப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாஃபிளைச் செவிலியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தாளாம். எனக்குத் தொந்தரவு கொடுப்பதற்கென்றே பிறந்தவள் அவள்.

வாஃபிள் முழுசாக இருந்தது. எட்டாக வெட்டி ஒன்றைத் தின்றேன்.

அன்புடன்,
ராக்னா


ஓஸ்லோ
20 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்கா,

உன் உடல்நிலை கேட்டு மிகவும் கவலைப்பட்டேன். லுண்டிடம் தொலைபேசியில் பேசினேன். நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்றார்.

நீ அந்த அறையில் இருக்கிறாய் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அம்மாவுக்குக் கிடைக்காதது உனக்காவது கிடைத்ததே. யாரும் தொந்தரவு செய்யாமல் நிம்மதியாக இரு. நேரம் போக ஒரு ரேடியோ அனுப்புகிறேன். இங்கே இரண்டு கட்டடங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வசந்தத்துக்கு முன் என்னால் நகர முடியாது.

சீக்கிரம் குணமடைய வேண்டிக்கொள்ளும்,
ஹால்வார்


அறை 12
3 மார்ச் 1974

ஹால்வார்,

ரேடியோ வந்தது. நன்றி. அதில் ஓஸ்லோவில் மழை பெய்வதைச் சொல்கிறார்கள். நீ நனையாமல் இருக்கிறாயா?

எனக்குத் தனிமையாக இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத மூன்று நாள் ஆனது. அறுபத்தாறு வயதுக்காரி, முப்பது வருஷம் தலைமைச் செவிலி, இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். காலையில் செவிலி யோருன் வருகிறாள், கையில் பன்னிரண்டு வேலையோடு. பிறகு சாப்பாட்டுத் தட்டு வருகிறது. பிறகு கதவு தானாக மூடிக்கொள்கிறது. கோபத்தில் சொல்லவில்லை, அந்தக் கதவு மூடும் சத்தம்கூட வருவதில்லை.

நீ இந்த ஊரில் பிறந்தவன். நம் ஊரில் கதவைத் தட்டுவது யார்? போலீஸ் அதிகாரியும் பாதிரியாரும். இரண்டு பேரும் நல்ல செய்தி கொண்டுவந்ததே இல்லை. மற்றவர்கள் காலணிப் பனியை உதறிவிட்டு நேரே சமையலறைக்குள் வந்து நிற்பார்கள். தட்டத் தெரியாத ஊரில் 'தட்டிவிட்டு நுழையவும்' என்று அறுபது தகடு அடித்திருக்கிறாயே, தம்பி. அவர்கள் வருகிறார்கள். படிக்கிறார்கள். ஏதோ முக்கியமான காரியம் இருந்தால்தான் தட்ட வேண்டும் போல என்று நினைத்துத் திரும்பிப் போகிறார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல யார் கதவைத் தட்டுவார்கள்? பழைய வார்டில் ஒருத்தியைப் பார்க்க வந்தால் எட்டுப் பேருக்கும் ஆள் வந்த மாதிரி. இங்கே எனக்கு வந்தால்தான் எனக்கு.

இரண்டு வருஷம் முன்பு நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அம்மா தனி அறை கேட்கவில்லை. திரையை எடுக்கச் சொன்னாள். நீ போன பிறகு எடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்றிருந்தபோது போனாள். திரைக்குப் பின்னால் சாகவில்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ இல்லாதபோது எல்லாரும் இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் தவறு.

மன்னித்துக்கொள். மன்னிக்க முடியாவிட்டால் திட்டியாவது எழுது.

அக்கா


அறை 12
14 ஏப்ரல் 1974

அன்புத் தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் எழுதியதை விட்டுவிடு. மருந்து மயக்கத்தில் எழுதினேன் என்று வைத்துக்கொள். உன் கட்டடம் நல்ல கட்டடம். உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தபால் வரும் பத்து மணிவரை கதவைப் பார்ப்பது, வராததும் நாளைக்கு வரும் என்று நினைப்பது, இதுவே வேலையாகிப் போனதில் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. போன திங்கட்கிழமை எழுந்து, யோருன் கொடுத்த கைத்தடியோடு நடந்து, பக்கத்து அறைக்குப் போனேன். பதினொன்றாம் எண். மீனெண்ணெய் காய்ச்சும் ஆலையில் வேலை பார்த்த ஸிவெர்ட் அங்கே இருக்கிறார் என்று தெரியும். மூன்று மாதமாக எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான், ஒரு இருமல்கூடக் கேட்டதில்லை. தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மனிதர் கோட்டு, கழுத்துப் பட்டை, பாலிஷ் போட்ட காலணி எல்லாம் மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ கிளம்புகிறார் என்று நினைத்துவிட்டேன். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நாலு. தினமும் ஒன்றரை மணிக்கே அப்படி உடுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். யாரும் வருவதாகச் சொல்லவில்லை. வந்தால் இருக்கட்டும் என்று.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "யார் ரூம்னு நினைச்சு வந்தீங்க?" என்று கேட்டார்.

"உங்க ரூம்தான்" என்றேன்.

கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "நாலு மணி வரைக்கும் இருக்கலாம்" என்றார்.

நாலு மணிக்கு மேலும் இருந்தேன். மனிதருக்குச் சீட்டாட்டத்தில் ஏமாற்றத் தெரிகிறது, மறைக்கத் தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒன்பதாம் எண்ணுக்குப் போனோம். நடக்கும்போது எனக்கு மூச்சு வாங்கினால் அவர் நிற்பார், அவருக்கு வாங்கினால் நான் நிற்பேன். அந்தத் தாழ்வாரத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆகிறது.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

ராக்னா


ஓஸ்லோ
2 மே 1974

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதாததற்கு வேறு காரணம். இந்தக் கடிதத்தை ஏழெட்டுத் தடவை கிழித்திருக்கிறேன்.

நீ எழுதியது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அன்று நான் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கையுறையை மறந்துவிட்டேன் என்று பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தேன். வார்டு வாசலில் வந்து நின்றபோது, திரையை எடு, பையன் போய்விட்டான் என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. நீ எனக்கு முதுகைக் காட்டித் துணியை மடித்துக்கொண்டிருந்தாய். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்க் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தாள்; அவர்கள் பேச்சுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என்னோடு இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, அக்கா. நான் போனதால்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். என் முகமெல்லாம் ஈரம். அந்த முகத்தோடு அத்தனை பேர் நடுவில் போய் நிற்க எனக்குத் தெரியவில்லை. திரும்பி நடந்தேன். தந்தி அலுவலகத்தை மூன்று தடவை சுற்றினேன். மறுபடியும் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகு எல்லாரிடமும், டோர்டிஸிடம்கூட, அம்மா திரைக்குப் பின்னால் தனியாகச் செத்தாள் என்றுதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. நீ ஆமாம் என்று எழுதினால் உண்மையாகிவிடும் என்று நினைத்துத்தான் உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ எழுதவில்லை.

அந்த அறுபது கதவையும் அம்மாவுக்காகப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் போட்டிருக்கிறேன். நான்கு பேர் முன்னால் அழத் தெரியாதவன் ஒருவன் ஒளிந்துகொள்ள. அதில் உன்னைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு நிம்மதியாக இரு என்று எழுதினேன்.

கல்லில் இருக்கும் வரியை எடுத்துவிடச் சொல்லி லுண்டுக்கு எழுதிவிட்டேன். அந்த வாக்கு நான் எழுதியது என்று ஒப்புக்கொண்டும் எழுதியிருக்கிறேன். தகடுகளைக் கழற்றுவதும், கதவுகள் திறந்தே நிற்கக் கொக்கி போடுவதும் ஒரு வார வேலை. இரண்டாம் மாடியில் மூன்று அறைகளின் சுவரை இடித்தால் பழைய வார்டு அளவுக்கு ஒரு கூடம் வரும். வரைந்து அனுப்பியிருக்கிறேன். செய்வார்களா தெரியாது.

நான் வரலாமா? உனக்குத் தொந்தரவாக இருக்கும் என்றால் வேண்டாம்.

ஹால்வார்


அறை 12
9 மே 1974

என் தம்பிக்கு,

பனி உருகிவிட்டது. நான் இருக்கிறேன். மருத்துவர் இதைவிட அதிகமாக எதையும் உறுதி சொல்ல மாட்டேன் என்கிறார், நானும் கேட்கவில்லை.

வரலாமா என்று கேட்கிறாய். ஸ்குர்வோயில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வா. ஓட்டலில் தங்காதே, என் வீடு பூட்டாமல்தான் கிடக்கிறது. லுண்ட் உன் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சுவரை இடிக்கிற பேச்சையே எடுக்காதீர்கள் என்கிறார். கொக்கி போடலாமா என்று யோசிக்கிறாராம். அதற்குள் பெர்கில் ஆறு கம்பளிக் காலுறைகளைச் சுருட்டி ஆறு கதவுக்கு அடியில் சொருகிவிட்டாள். மீதி ஐம்பத்து நாலு மூடித்தான் இருக்கின்றன. என் கால் அவ்வளவு தூரம் போகாது.

உன் கடிதத்தில் ஒன்று இருக்கிறது. அதைப் படித்த பிறகு காலையிலிருந்து என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. நீ வாசலில் நின்றாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அன்று நான் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது படகோட்டி மனைவி ஹன்சினா வந்து அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நீ உட்கார்ந்திருந்தாயே, அந்த நாற்காலி. அம்மா வாசல் பக்கம் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "எந்திரி, ஹன்சினா. நாற்காலியை விடு. எம்புள்ள வந்துட்டான்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். உனக்குச் சொன்னால் வலிக்கும் என்று அதையும் மறைத்துவிட்டேன்.

பிதற்றவில்லை, ஹால்வார். அவள் உன்னைப் பார்த்திருக்கிறாள். உன்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள்.

ஹன்சினாவுக்கு அன்று காலில் கட்டு. ஆனாலும் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தாள். அந்த நாற்காலியில் யாரையும் உட்கார அம்மா விடவில்லை.

உன் அக்கா,
ராக்னா